46 உருப்படியும் ஒரு தொட்டி எண்ணெயும்

திருப்பூர் வாசகர் ஒருவர் கைபேசித் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஆடித் தள்ளுபடியாம். 46 உருப்படிகள் கொண்ட சாக்கெட் செட், பெட்டியோடு சேர்த்து 499 ரூபாய். “வாங்கலாமா, காசுக்குப் பிடித்த கேடா?” என்று கேட்கிறார். வகுத்துப் பார்த்தால் உருப்படிக்கு 11 ரூபாய்கூட வரவில்லை. டீ விலையே பல ஊர்களில் அதற்கு மேல்.

படத்தில் எல்லாம் பளபளக்கிறது. சாக்கெட்டுக்குச் சாக்கெட் ‘சிஆர்-வி’ முத்திரை வேறு. குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகு என்று அர்த்தம். முத்திரை உண்மை என்றே வைத்துக்கொள்வோம் (பொய்யென்றாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, முத்திரை குத்த வனேடியம் தேவையில்லை). இந்தக் குடும்பத்தில் பரவலாகப் புழங்கும் ஓர் எஃகில் கார்பன் சுமார் 0.5 சதவீதம், குரோமியம் 1 சதவீதம், வனேடியம் 0.1 முதல் 0.25 சதவீதம். அதே எஃகு, பதம் போடாதபோது கடினம் அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் 20-ஐச் சுற்றி நிற்கும். முறையாகப் பதம் போட்டால் 50-ஐத் தாண்டும். நிறமும் சேர்மானமும் அப்படியேதான் இருக்கும். உள்ளே அணுக்கள் உட்கார்ந்திருக்கும் விதம் மட்டும் மாறியிருக்கும். அதைப் படம் பிடித்து இணையக் கடையில் போட முடியாது என்பதால், மலிவுக் கருவி செய்பவர் கைவைப்பதும் அங்கேதான்.

அந்த உட்காரும் விதத்தைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. எஃகை 800 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இரும்பு அணுக்கள் தங்கள் அடுக்கை மாற்றிக்கொள்கின்றன. புதிய அடுக்கின் இடைவெளிகளில் கார்பன் தாராளமாகப் புகுந்துகொள்ளும். குளிரும்போது பழைய அடுக்குக்குத் திரும்ப வேண்டும். அங்கே கார்பனுக்கு இடம் அநேகமாக இல்லை.

காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பஸ், உள்ளே கார்பன் பயணிகள். போகிற போக்கில் இது மினி பஸ்ஸாகச் சுருங்கப்போகிறது. மெதுவாகச் சுருங்கினால் பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி ஸ்டாப்பில் வரிசைகட்டி நின்றுவிடுவார்கள். பஸ் காலி, எஃகும் மெத்து. மாறாக, பழுக்கக் காய்ச்சியதைச் சட்டென்று எண்ணெய்த் தொட்டியில் முக்கினால், இறங்க நேரம் கிடைக்காது. ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டே பஸ் சுருங்கப் பார்க்கிறது. முடியாமல் ஒரு பக்கமாக நீண்டு புடைக்கிறது. அணுவடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் உலோகம் வளையும். இந்த நெரிசலில் எது வழுக்கும்? இந்த நிலைக்குத்தான் மார்ட்டென்சைட் என்று பெயர்.

குரோமியம்தான் கண்டக்டர். வாசலை அடைத்து நின்று டிக்கெட் கேட்டு, இறங்குகிறவர்களைத் தாமதப்படுத்துகிறது. அதனால் பஸ் அவ்வளவு அவசரப்பட வேண்டியதில்லை. வெறும் கார்பன் எஃகைப் பெரும்பாலும் தண்ணீரில் முக்க வேண்டியிருக்கிறது; குரோமியம் சேர்ந்ததற்கு எண்ணெயே போதும். கனமான துண்டும் உள்வரை கடினமாகும், விரிசல் ஆபத்தும் குறையும். ஆனால் இத்தனை நெரிசலில் டிரைவர் பிரேக் அடித்தால் எலும்பு முறியுமே! பதம் தணிக்காத எஃகு அடி வாங்கினால் அப்படித்தான் முறிகிறது. ஆகவே மறுபடி மிதமாகச் சூடாக்கிக் கொஞ்சம் பேரை மட்டும் இறக்கிவிட வேண்டும். அரத்துக்குக் கிட்டத்தட்ட யாரையும் இறக்குவதில்லை. ராக்வெல் 60-க்கு மேலேயே இருக்கும். திருப்புளி முனைக்கு 50-களின் நடு. ஸ்பேனருக்கு 40-களில் நிறுத்தினால்தான் ஒடியாமல் தாங்கும். வனேடியத்துக்கு இந்த பஸ்ஸில் ஒரு வேலை தேடிப் பார்த்தேன், அமையவில்லை. எஃகின் நுண்மணிகள் பெருத்துவிடாமல் அது காக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இத்தனைக்கும் இரண்டு முறை அடுப்பு மூட்ட வேண்டும், வெப்பம் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும், விரிசல் விட்டதைக் கழிக்க வேண்டும், மாதிரி எடுத்துக் கடினம் அளக்க வேண்டும். 11 ரூபாயில் எஃகு, முலாம், பெட்டி, கூரியர், இணையக் கடையின் கமிஷன் எல்லாம் போக இதற்கு என்ன மிஞ்சும்? எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். ஒரே பெட்டியில் 10 எம்எம் சாக்கெட் உருப்படியாகவும் பக்கத்திலிருக்கும் 12 எம்எம் மெத்தென்றும் இருக்கக்கூடும். எது எதுவென்று தெரிவது போல்ட் இறுகிக் கிடக்கும்போதுதான்.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்பவர்களுக்கு ஒரு பத்தி. கொடுமணல் அகழாய்வில் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. பெருமைதான், ஆனால் 499 ரூபாய் சாக்கெட்டுக்கு அது உத்தரவாதம் ஆகாது. மார்ட்டென்சைட் என்ற பெயர் எஃகை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டென்ஸிடமிருந்து வந்தது. கடினம் அளக்கும் கருவிக்கு ராக்வெல்கள் இருவர் 1919-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். போதும்.

ஸ்பேனரில் இன்னொரு ஓட்டை இருக்கிறது: அளவு. 13 எம்எம் நட்டைப் பிடிக்கும் வாய் 0.3 எம்எம் அகலமாக இருந்தால், நட்டின் மூலை வாயில் முட்டுவதற்குள் ஸ்பேனர் சுமார் இரண்டரை டிகிரி சும்மா சுற்றும். 0.6 எம்எம் என்றால் 5 டிகிரி. அதற்குப் பிறகு முழு பலமும் இரண்டே மூலைகளில் விழுகிறது. வாய் மெத்தான எஃகென்றால் அழுத்தத்தில் இன்னும் விரியும், இன்னும் சுற்றும், கடைசியில் நட்டு ரவுண்டாகிவிடும். “முதலில் மலிவாக வாங்கு, உடைந்ததை மட்டும் நல்லதாக மாற்று” என்று ஒரு யோசனை ஊரெங்கும் சொல்லப்படுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஸ்பேனர் மட்டும் கெட்டுப்போனால் சரி. பைக் எஞ்சினில் ரவுண்டான போல்ட்டை எடுக்க மெக்கானிக் கேட்கும் கூலியை யார் கணக்கில் சேர்ப்பது?

டிரில் பிட்டில் ஏமாற்று தங்க நிறத்தில் வருகிறது. டைட்டானியம் நைட்ரைடு நிஜமாகவே நல்ல பூச்சு. மிகக் கடினம், சில மைக்ரான் கனம். அது எச்எஸ்எஸ் எனப்படும் அதிவேக எஃகின் மேல் இருந்தால்தான் பிரயோசனம். டங்ஸ்டன் கலந்த அந்த எஃகை டெய்லர், ஒயிட் என்ற இருவர் 1900 பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிக் காட்டினார்கள். முனை மங்கலாகச் சிவந்த பிறகும் அது இரும்பைச் சீவிக்கொண்டிருந்தது. சுமார் 600 டிகிரி வரை அது தாக்குப்பிடிக்கும். தங்க நிறத்துக்குக் கீழே வெறும் கார்பன் எஃகு இருந்தால், எவர்சில்வர் தகட்டில் ஓட்டை போடும்போது முனை முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். நீலம் தெரிந்தால் 300 டிகிரி அளவுக்குச் சூடேறிப் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பிட் வெட்டாது, தேய்க்கும். கீச்சிடும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். எச்எஸ்எஸ் பிட் நீலமானாலும் கவலையில்லை.

பேட்டரி டிரில்லில் ‘88விஎஃப்’ என்று அச்சடிப்பதற்கெல்லாம் என்ன பெயர் சொல்வது? பேக்கைத் திறந்தால் பெரும்பாலும் 5 லித்தியம் செல்கள். ஒன்றுக்கு 3.6 வோல்ட் என்றால் 18. முழுச் சார்ஜில் 21. மிச்ச 67-ஐ ஸ்டிக்கர் தருகிறது.

மலிவில் வாங்கக்கூடியவையும் உண்டு. வெறுமனே பிடித்துக்கொள்ளும், தாங்கும் சாமான்கள்: கருவிப் பெட்டி, மரவேலை கிளாம்ப், ஹேக்ஸா ஃபிரேம் (பிளேடு மட்டும் நல்லதாக வாங்குங்கள்). ரசமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம்: சுவரில் வைத்துக் குமிழியைப் பாருங்கள், பக்கம் மாற்றித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள், குமிழி அதே நிலையில் நின்றால் 80 ரூபாயானாலும் அது சரியான மட்டம். சுத்தியல் மலிவாக வேண்டாம். பதம் தப்பிய தலையிலிருந்து சில்லு தெறித்தால் போகிற இடம் கண்.

திருப்புளிக்குக் கையில் ஒரு நல்ல அரம் போதும். முனையின் ஓரத்தில் லேசாக ஓட்டிப் பாருங்கள். அரம் கடித்துக்கொண்டு பொடி உதிர்த்தால் மெத்து எஃகு. பிடிமானமில்லாமல் சறுக்கினால் பதம் போட்டது. இணையக் கடைக்காரரிடம் இது நடக்காது, தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் முறைத்துக்கொண்டே அனுமதிப்பார். புதுப்பேட்டையில் பழைய சாமான்களோடு குவிந்து கிடக்கும் துருப்பிடித்த ஸ்பேனர்களையும் ஏளனம் செய்யாதீர்கள். வருஷக்கணக்கில் பட்டறையில் உழைத்தும் வாய் விரியாமல் இருக்கிறதென்றால் பதத்துக்கு அதைவிடச் சான்று வேண்டாம். புதுசுதான் வேண்டுமென்றால் திருப்பூர்க்காரருக்கு என் யோசனை: அதே 499-க்கு 8, 10, 12 எம்எம்மில் நல்ல ஸ்பேனர்களாக எத்தனை கிடைக்குமோ அத்தனை.

மின்சாரம் தொடும் சாமானில் மட்டும் தள்ளுபடியைப் பார்க்கவே வேண்டாம். கட்டிங் பிளேயரில் சிவப்பு ரப்பர் போட்டதாலேயே அது மின்காப்பு ஆகிவிடாது. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்க வேண்டும், அதுவும் நம்பகமான கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். லைன் டெஸ்டருக்குள் நியான் விளக்கோடு ஒரு மின்தடை இருக்கும். வழக்கமாக 10 லட்சம் ஓம் அளவில். 230 வோல்ட்டில் அது உங்கள் உடம்பு வழியாகக் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே விடும். மூடியைத் திருகினால் அது தனியே கையில் வரும். மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை என்றால் அந்த டெஸ்டரை ஒடித்துக் குப்பையில் போடுங்கள், வேறு யாராவது எடுத்துவிடப் போகிறார்கள்.