எலி சொன்ன சாட்சி

அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வருகிறீர்கள். எதற்காக வந்தோம் என்பது மறந்துபோகிறது. யோசித்துக்கொண்டு நிற்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிடுகிறது. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய ஒரு பெண்ணுக்கு இந்த மறதி தினமும் நாலு தடவை வந்தால்? தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியிலேயே நின்றுவிடுகிறது. மளிகைக் கணக்கை மூன்று முறை கூட்டினால் மூன்று விடை வருகிறது. "எல்லாம் மனக்கவலைதான் அம்மா!" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். வெகு காலம் டாக்டர்களில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் பக்கம் சாட்சி சொல்ல வந்தது யார் தெரியுமா? சுண்டெலி!

எலியின் ஞாபக சக்தியை எப்படிச் சோதிப்பது? ரிச்சர்ட் மாரிஸ் என்ற விஞ்ஞானி 1981-ல் ஒரு வழியை வெளியிட்டார். வட்டமான தொட்டியில் நீர் நிரப்பி, பாலைக் கலந்து வெண்மையாக்கினார். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிறு மேடை. நீரில் விட்ட எலி முதலில் அங்கும் இங்கும் நீந்தித் தவிக்கும். தற்செயலாக மேடையில் ஏறி நிற்கும். சில நாள் பழகியதும், சுற்றியுள்ளவற்றை அடையாளம் வைத்துக்கொண்டு நேரே மேடைக்குப் போய்விடும்.

கனடாவில் டொரான்டோ நகரில் கார்டன் வினோகரும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சி 2006-ல் வெளியாயிற்று. புற்றுநோய் இல்லாத சுண்டெலிகளுக்கு மெதோட்ரெக்ஸேட், ஃப்ளோரோயூராசில் என்ற இரண்டு மருந்துகளைக் கொடுத்தார்கள். மற்றொரு கூட்டத்துக்கு வெறும் உப்புநீர். பிறகு இரண்டுக்கும் பரீட்சை. இடத்தை நினைவில் வைக்கும் பரீட்சையில் மருந்து பெற்ற எலிகள் பின்தங்கிவிட்டன.

எலிக்கு ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிய கவலை உண்டா? பெண்ணின் கல்யாணத்தை நினைத்து ஏக்கம் உண்டா? அதற்கு நோயே இல்லையே! அப்படியானால் மறதிக்குக் கவலை மட்டுமே காரணம் அல்ல. மருந்துக்கும் பங்கு உண்டு என்று ஏற்பட்டுவிட்டதல்லவா?

அதற்காக மருந்தைப் பொல்லாத விஷம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் தலைமை வகித்த ஆராய்ச்சிக் குழு தந்ததுதான் மெதோட்ரெக்ஸேட். எத்தனையோ உயிர்களை அது காத்திருக்கிறது. வேகமாகப் பெருகும் அணுக்களை ஒடுக்குவது அதன் வேலை. ஆனால் மூளையிலும் பெருகும் அணுக்கள் சில உண்டு. மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பு இழைகளுக்கும் ஓர் உறை உண்டு. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் மிஷெல் மான்ஜே குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மெதோட்ரெக்ஸேட் பெற்ற எலிகளின் மூளையில் காவல் அணுக்கள் கொதித்தெழுந்தன. உறையை அமைக்கும் அணுக்கள் பாதிக்கப்பட்டன. அந்தக் காவல் அணுக்களை வேறொரு மருந்தால் குறைத்ததும் எலிகளின் ஞாபகம் திரும்பிற்று!

இன்னொரு நல்ல செய்தி. 2014-ல் வினோகர் குழுவினர், மருந்து பெற்ற எலிகளின் கூண்டில் ஓடுவதற்கு ஒரு சக்கரம் வைத்தார்கள். ஓடி விளையாடிய எலிகளுக்கு மறதி குறைவாகவே இருந்தது.

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்பதில்லை. சிகிச்சை பெறும் எல்லாருக்கும் மறதி வருவதும் இல்லை. வந்தாலும் பலருக்கு நாளடைவில் குறைந்துவிடுகிறது. மறதிக்குப் பயந்து சிகிச்சையை நிறுத்துவது பெரும் தவறு. டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் தினமும் சற்று நடந்து வாருங்கள். வேலைகளைச் சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவள் மறந்து நிற்கும்போது, "எல்லாம் உன் பிரமை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுப்பில் இருக்கும் பாலை நீங்கள் போய் இறக்குங்கள்!