அப்பா பெயரில் உள்ள வீடு: எந்தக் கதவைத் தட்டுவது?

சுங்கை சிப்புட்டில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தந்தை ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். தாயார் வங்கிக்குப் போனால் அதிகாரப் பத்திரம் கேட்கிறார்கள். மகன் ஈப்போவில் வழக்கறிஞரைத் தேடுகிறார். உறவினரோ அமானா ராயாவுக்குப் போகச் சொல்கிறார். இவர்கள் உண்மையில் போக வேண்டிய இடம் எது?

அமெரிக்காவில் இதற்கான நீதிமன்றம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் சரோகேட் நீதிமன்றம், கலிபோர்னியாவில் சுப்பீரியர் நீதிமன்றம். தீபகற்ப மலேசியாவில் எல்லா மாநிலங்களுக்கும் சட்டம் ஒன்றே. இங்கே வழியைப் பிரிப்பவை மூன்று கேள்விகள்: உயில் உண்டா? நிலமோ வீடோ உண்டா? மொத்த மதிப்பு எவ்வளவு?

உயில் இருந்தால் உயர் நீதிமன்றம். பேராக்கில் அது ஈப்போவிலும் தைப்பிங்கிலும் உள்ளது.

உயில் இல்லை, ஆனால் நிலமோ வீடோ இருக்கிறது, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டவில்லை என்றால் நில அலுவலகம் போதும். 1955ஆம் ஆண்டின் சிறு சொத்து பங்கீட்டுச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. முன்பு 20 லட்சமாக இருந்த வரம்பு 2024 ஜூலை 15 முதல் உயர்த்தப்பட்டது. வங்கிப் பணம், கார், கூட்டுறவுச் சங்கப் பங்கு எல்லாம் அதே மனுவில் சேரும். சுங்கை சிப்புட் வீடு என்றால் கோலகங்சார் மாவட்டம். தெலுக் இந்தானிலும் நிலம் இருந்தால், மதிப்பு அதிகமுள்ள நிலம் எந்த மாவட்டத்திலோ அங்கே மனு செய்யவேண்டும். விசாரணை நாளில் வாரிசுகள் எல்லாரும் அழைக்கப்படுவார்கள்.

உயிலும் இல்லை, நிலமும் இல்லை, பணமும் பிற பொருள்களும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் அமானா ராயா. இந்த வரம்புகளைத் தாண்டினால் மறுபடியும் உயர் நீதிமன்றம்தான்.

ஆகவே அந்தக் குடும்பம் போக வேண்டியது நில அலுவலகத்துக்கு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்றோர் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. தாயாருக்கே வீடு முழுவதும் போகும் என்று பலர் எண்ணுவது தவறு. பிள்ளைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால்தான் அது நடக்கும்.

தோட்டத்து மக்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும், கிராண்டு தந்தையின் பெயரில் இல்லையென்றால் அது பங்கிடும் சொத்தாகாது. அடுத்தது திருமணப் பதிவு. 1982 மார்ச் 1க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தம்பதிகளில், கணவர் போனபின் தாம் மனைவி என்று நிரூபிப்பதே அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாடாகிவிடும்.

காலம் கடத்துவதும் ஆபத்தே. வாரிசுகளில் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய பங்குக்கு அவர் பிள்ளைகளையும் தேடிப் பிடிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், கிராண்டு நகல், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை இன்றே ஓர் உறையில் போட்டு வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. உயிருடன் இருக்கும்போதே ஓர் உயில் எழுதி வைத்துவிட்டால், யாருக்கு எது என்ற சண்டைக்கும் இடமிருக்காது.