பலகை அறுக்கும்போது செயின் சா புகையுதா? முனைக்கு எண்ணெய் போகுதான்னு பாருங்க!

தென்மேற்குப் பருவமழை என்றதும் நீலகிரியில் முதலில் அடிபடும் பெயர் அவலாஞ்சி. 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம் இது. இப்படியான மழையோடு காற்றும் சேர்ந்தால் கற்பூர மரமும் சீகை மரமும் வேரோடு சாயும். சாய்ந்ததைத் துண்டு போட்டு விறகாக்குவது ஒரு வழி. பலகையாக அறுத்து பெஞ்ச், அலமாரி, கொட்டகைச் சுவர் என்று பயன்படுத்துவது இன்னொரு வழி. லாரி போகாத சரிவில் கிடக்கும் மரத்தை மில்லுக்குத் தூக்கிப் போக முடியாது. அதனால் மெஷினை மரத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

அதற்குத்தான் நீளமான பார் போட்ட செயின் சாவும், அதை மரத்தின் மேல் படுக்கைவசமாக ஓட்டுகிற 'அலாஸ்கன் மில்' என்ற சட்டமும் இருக்கின்றன. ஆனால், ரெண்டு பலகை அறுப்பதற்குள் புகை வருது, செயின் தொளதொளன்னு ஆகுது, பார் நீலம் பாய்ந்துபோகுது என்று பலரும் தவிக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்... எண்ணெய்!

விறகு வெட்டுவதும் பலகை அறுப்பதும் ஒண்ணா?

இல்லை. மரத்தைக் குறுக்கே வெட்டும்போது சில நொடிகளில், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அடுத்த வெட்டுக்கு முன்னால் பாரும் செயினும் கொஞ்சம் ஆறும். எட்டடி மரத்தை நீளவாக்கில் அறுக்கும்போது அந்த ஓய்வே கிடையாது. பல நிமிடங்களுக்கு ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்தியபடி ஓட்ட வேண்டும். செயின் நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் பாரில் உரசிக்கொண்டே ஓடும். போதாக்குறைக்கு, நீளவாக்கு அறுப்பில் வருவது மாவு மாதிரி நைஸான தூள். அது இருக்கிற எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும்.

எண்ணெய் எங்கே காணாமல்போகிறது?

மெஷினின் எண்ணெய் பம்ப் இன்ஜின் பக்கம் இருக்கிறது. அங்கே செயினில் ஏறும் எண்ணெய், பாரின் ஒரு விளிம்பு வழியாக முனைவரை போய், அங்கே திரும்பி, அறுக்கும் விளிம்பு வழியாக இன்ஜினுக்கு வர வேண்டும். வீட்டு வேலைக்கான 16, 18 இன்ச் பாரில் இது பிரச்னை இல்லை. 36 இன்ச் பாரில், எண்ணெய் முனையைத் தொடவே மூணடி போக வேண்டும். முனையில் செயின் வளைந்து திரும்பும்போது கணிசமான எண்ணெய் வெளியே தெறித்துவிடும். மிச்சம் மீதியோடுதான் செயின் மரத்துக்குள் நுழைகிறது. அதாவது, எண்ணெய் அதிகம் தேவைப்படும் இடத்துக்குத்தான் அது கடைசியாக, குறைவாகப் போய்ச்சேர்கிறது.

முதலில் ரெண்டு சோதனை

* ஒரு அட்டைக்கு மேலே, செயின் அதில் படாத உயரத்தில், பாரின் முனையைக் காட்டி மெஷினை முடுக்குங்கள். சில நொடிகளில் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் அறுக்கத் தொடங்காதீர்கள்.

* பெட்ரோல் டேங்க் காலியாகும்போது எண்ணெய் டேங்க்கும் ஏறக்குறைய காலியாகியிருக்க வேண்டும். பாதி எண்ணெய் அப்படியே இருந்தால் எங்கோ அடைப்பு. இன்ஜினை அணைத்து, பாரைக் கழற்றி, அதன் பள்ளத்தையும் எண்ணெய்த் துளையையும் மெல்லிய தகட்டால் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் அளவைக் கூட்டும் திருகு இருந்தால் அதையும் முழுசாகக் கூட்டிவிடுங்கள்.

முனைக்கு ஒரு சொட்டு பாட்டில்

இதெல்லாம் செய்தும் நீளமான பாருக்குப் போதாமல் போகலாம். அதற்கான தீர்வு எளிமையானது. குளுக்கோஸ் ஏற்றுவதைப்போல, சட்டத்தின் முனைப் பக்கத்தில் ஓர் அரை லிட்டர் பாட்டில், ஒரு சின்னக் குழாய், திறந்து மூட ஒரு திருகு. ரெடிமேடாகவும் கிடைக்கிறது, நீங்களே பொருத்தவும் செய்யலாம்.

இதில் இடம்தான் முக்கியம். செயின் முனையைச் சுற்றி வந்து மரத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் எண்ணெய் சொட்ட வேண்டும். இன்ஜின் பக்கம் சொட்டவிட்டால் பயனில்லை. அங்கே செயின் தன் வேலையை முடித்துவிட்டு வெளியே வருகிறது. குழாயின் நுனி செயினைத் தொடாதபடி கட்டுங்கள். அறுப்பு நின்றதும் திருகை மூடிவிடுங்கள்.

எந்த எண்ணெய்?

'கீழே சிந்துற எண்ணெய்தானே' என்று பைக்கில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதில் இருக்கும் உலோகத் துகள்கள் பம்ப்பையும் பாரையும் அரிக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. செயினுக்கு ஊற்றும் எண்ணெய் திரும்பி வருவதில்லை. மொத்தமும் மண்ணுக்குத்தான் போகிறது. அவலாஞ்சி மண்ணில் விழும் மழை அணைகளைக் கடந்து, குந்தா வழியாக பில்லூருக்குப் போகிறது. கோவைக்காரர்கள் குடிப்பது அந்த பில்லூர்த் தண்ணீரைத்தான்!

செயினில் ஒட்டிக்கொள்வதற்கென்றே பிசுக்கோடு தயாராகும் பார் ஆயில்தான் சரியானது. அதிலும் தாவர எண்ணெயில் தயாரானது கிடைத்தால் இன்னும் நல்லது. மண்ணில் சீக்கிரம் மக்கிவிடும். ஆனால், மாதக்கணக்கில் டேங்க்கில் விட்டால் பிசின்போல இறுகிவிடும். அதனால் மெஷினைக் கட்டிவைக்கும் முன் வடித்துவிடுங்கள். சமையல் எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கலாம் என்றால், தேங்காய் எண்ணெயை மட்டும் நினைக்கவே நினைக்காதீர்கள். ஊட்டிக் குளிரில் குளியலறை பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும் எண்ணெய், பம்ப்பில் எப்படி ஓடும்? டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பார் ஆயில்கூடக் கெட்டியாகும். கொஞ்சம் இளகலான ரகத்தை வாங்கி, காலையில் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அறுக்கும்போது...

ஒவ்வொரு பலகை முடிந்ததும் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, கையுறையோடு செயினின் இறுக்கத்தைப் பாருங்கள். சூட்டில் நீண்டு தொங்கும் செயின் பாரிலிருந்து கழன்று அடிக்கும். சூடாக இருக்கும்போது இறுக்கினால், ஆறியதும் அப்படியே விட்டுவிடாதீர்கள். சுருங்கும் செயின் பாரைக் கவ்வும். மழுங்கிய பற்களும் சூட்டைக் கூட்டும். தூள் மேலும் நைஸாக வந்தால் அரம் போடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பாரை அடிக்கடி தலைகீழாகத் திருப்பிப் போட்டால் ரெண்டு விளிம்பும் சமமாகத் தேயும்.

மெஷினை எடுப்பதற்கு முன் இன்னொன்று. மலைப்பகுதிகளில் மரங்களைப் பாதுகாக்க 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரம் என்றாலும் வனத்துறையிடம் கேட்டு, அனுமதி பெற்ற பிறகே கை வையுங்கள். காட்டில் விழுந்து கிடக்கும் மரம் உங்களுடையது அல்ல.

அனுமதி கையில் இருக்கா? அப்போ அந்த அட்டையை எடுங்க. கோடு விழுதான்னு பாத்துட்டு அறுக்க ஆரம்பிங்க!