இறுதி நாள்களில் துணை நிற்போம்

கேமரன் மலையின் வடபகுதியில், தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்த கம்போங் ராஜாவில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தைக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. நோயைக் குணப்படுத்தும் காலம் கடந்துவிட்டதென மருத்துவர் கூறுகிறார். "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று குடும்பத்தினர் மனம் தளர்ந்து வீடு திரும்புகின்றனர். இரப்பர்த் தோட்டங்களில் வாழும் நமக்கும் இந்நிலை புதிதன்று. ஆயினும், நோயைத் தீர்க்க இயலாதபோதும் நோயாளியின் துன்பத்தைத் தணிக்க இயலும். அதுவே நோவு தணிப்புப் பராமரிப்பு.

1967ஆம் ஆண்டில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் லண்டனில் இதற்கென ஓர் இல்லத்தைத் திறந்தார். உடல் வலியுடன் மனக்கவலையும், குடும்பத்தைப் பற்றிய ஏக்கமும் சேர்ந்தே நோயாளியை வாட்டுகின்றன என்பதை அவர் எடுத்துரைத்தார். நம் நாட்டில் 1991இல் ஹோஸ்பிஸ் மலேசியா கோலாலம்பூரில் தோன்றியது. 2019இல் சுகாதார அமைச்சு இப்பராமரிப்புக்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மலைப்பகுதி மக்கள் தானா ராத்தாவிலுள்ள அரசாங்க மருத்துவமனையிலோ, அருகிலுள்ள சுகாதார நிலையத்திலோ இதைப் பற்றிக் கேட்டறியலாம்.

கடும் வலிக்கு மருத்துவர் மார்ஃபின் மருந்து தருவதுண்டு. "இதைக் கொடுத்தால் உயிர் போய்விடும்" என்னும் அச்சம் நம்மிடையே உள்ளது. மருத்துவர் குறித்த அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. வலி மிகும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் கொடுத்தல் வேண்டும். மருந்தினால் மலச்சிக்கல் உண்டாகக்கூடும். அதற்கும் மருந்து கேட்டுப் பெறுக. நாமாகவே அளவைக் கூட்டவோ, திடீரென நிறுத்தவோ கூடாது.

படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மெல்லத் திருப்பிப் படுக்க வைத்தால், படுக்கைப் புண்ணைப் பெரிதும் தவிர்க்கலாம். இறுதி நாள்களில் பசி குறைவது இயல்பு. ஆதலால் உணவை வற்புறுத்தித் திணித்தல் ஆகாது. உயிர் பிரியும் வேளையில் உற்றார் வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம். ஆனால் நினைவு மங்கியவருக்கு அது மூச்சுக்குழலில் சென்று திணறலை உண்டாக்கலாம். பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும். நம் அன்பும் குறையாது, அவருக்கும் துன்பமில்லை. பதில் கூற இயலாதவரின் செவியில் நம் சொல் விழக்கூடும். எனவே, அருகில் அமர்ந்து அன்பாகப் பேசுதல் நலம். அவர் முன்னிலையில் சொத்துச் சச்சரவு வேண்டாம்.

குடும்பத்தின் நாளைய வாழ்வும் கருதத்தக்கது. சந்தா செலுத்திய தொழிலாளி நோயினால் வேலை செய்ய இயலாதவரானால், தகுதிக்கேற்ப சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமநிதியில் வாரிசின் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் அவர் தெளிவுடன் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக் கடிதங்களை ஒரே இடத்தில் வைத்திருங்கள். வீட்டில் மரணம் நேர்ந்தால் அதைத் தெரிவிக்கும்போது அவை உதவும்.

இரவு பகலாகக் கண்விழிக்கும் மனைவியோ மகளோ சோர்ந்துவிடாதவாறு அண்டை வீட்டார் முறைவைத்து உதவலாம். ஒரு வேளைச் சோறும், இரண்டு மணி நேர உறக்கமும் அவருக்குப் பெருந்துணை. இறுதிச் சடங்குக்குத் திரளும் நாம், அதற்கு முந்திய நாள்களிலும் அவ்வீட்டு வாசலை மிதிப்போமாக.