முகப்பழக்கத்தின் வலிமை

நிலத்தடி நீர் பற்றிப் புத்தகம் எழுதிய ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இந்தப் பத்திக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே புத்தகத்தையும் அனுப்பியிருக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் அட்டவணை: ஒரே ஊரின் பதினான்கு கிணறுகளில் ஆண்டுதோறும் கோடையில் அவரே கயிறு விட்டு அளந்த நீர்மட்டம். அச்சடித்ததில் பாதி இன்னும் பரணில்தான் இருக்கிறதாம். ‘பேரன் லிங்க்ட்இன்னில் சேரச் சொல்கிறான். வேலை தேடுகிறவர்கள் கூடும் இடத்தில் எழுத்தாளனுக்கு என்ன வேலை?’ என்று கேட்கிறார்.

நிறையவே இருக்கிறது. லிங்க்ட்இன் ஃபேஸ்புக்குக்கு மூத்தது. 2002இல் அதன் நிறுவனர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மனின் வீட்டு வரவேற்பறையில் தொடங்கி, 2003 மே 5 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஹாஃப்மனும் நூலாசிரியர்தான். அங்கே ஒவ்வொருவரும் தம் தொழிலோடு பதிவாகியிருப்பதால், நூலகர், நீரியல் பேராசிரியர், பதிப்பக ஆசிரியர் என்று தேடிப் பிடிக்கலாம். தகவல் நூல் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இந்த இயந்திரத்தின் உண்மையான விசித்திரம் வேறு. 1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களிடம், ‘அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?’ என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பதாக 55.6 சதவீதம் பேரும், அபூர்வமாகவே பார்ப்பதாக 27.8 சதவீதம் பேரும் சொன்னார்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதுச் செய்தி வெளிவட்டத்திலிருந்துதான் வரும்.

2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதை லிங்க்ட்இன்னிலேயே சோதித்தது. ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று தளம் காட்டும் பரிந்துரைகளை 5 ஆண்டுகள், 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். உற்ற நண்பரும் முற்றிலும் அந்நியரும் அவ்வளவாக உதவவில்லை. பொதுவான நண்பர்கள் சிலரைக் கொண்ட முகப்பழக்கக்காரரே வேலை மாற அதிகம் கைகொடுத்தார்.

ஆய்வு வேலையைப் பற்றியது என்றாலும் புத்தகமும் இதே வழியில்தான் நடக்கிறது. இந்தப் பத்தியாளரின் முதல் நூலுக்கு அச்சகம் காட்டியவர், மின்சார ரயிலில் தினமும் எதிரே அமர்ந்த ஒருவர். பெயர்கூட அன்றுதான் தெரிந்தது.

லிங்க்ட்இன் பக்கத்தில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் இடம். தமிழில் எழுதுகிறவர் இங்கே கவனிக்க வேண்டும். ‘எழுத்தாளர்’ என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடில் துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள், ஆகவே பத்து. அந்த இடத்தைக் ‘கவிஞர், சிந்தனையாளர், பன்முக ஆளுமை’ என்று வீணாக்குவது பாவம். ‘பதினான்கு கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுதோறும் அளந்தவர்’ என்றால் தேடுகிறவர் நின்று படிப்பார். பதிவுகளிலும் முதல் சில வரிகள்தான் கண்ணில் படும், மீதி பொத்தானுக்குப் பின்னால். ‘அனைவருக்கும் இனிய வணக்கம்’ அந்த வரிகளை விழுங்கிவிடும்.

இன்னொரு பழக்கம் மனதை வருத்துகிறது. அறிமுக அழைப்பை ஏற்ற மறுநிமிடமே அட்டைப்படம், விலை, பணம் அனுப்ப வேண்டிய எண் எல்லாம் வந்து விழுகின்றன. கல்யாண வீட்டில் புதிதாகப் பார்த்தவரிடம் யாராவது இப்படிக் கை நீட்டுவார்களா? அவர் எழுதியதை முதலில் படித்து, அதைப் பற்றி உருப்படியாக நாலு வரி எழுதினால் போதும். முகப்பழக்கம் அங்கே பிறக்கிறது.

பொறியாளர் ஐயா, பேரன் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் முதல் பதிவில் அட்டைப்படம் வேண்டாம். அந்தக் கிணற்று அட்டவணையைப் போடுங்கள்.