பூக்கடையும் பூச்சு வேலையும்

(வீடு சீரமைப்போரும் சமூக ஊடக விளம்பரமும்)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

"பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை" என்பது நம் பெரியோர் வாக்கு. கடைத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மல்லிகை இருக்குமிடத்தை மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எல்லாத் தொழிலுக்கும் இவ்வாக்குப் பொருந்துமா? பழைய வீட்டைப் பழுது பார்த்து, இடிக்க வேண்டியதை இடித்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்துக் கட்டித் தரும் மேஸ்திரியின் வேலைக்கு மணம் உண்டா? அவருடைய திறமையெல்லாம் பூச்சுக்கு அடியிலும் தரைக்குக் கீழும் அல்லவா மறைந்து கிடக்கிறது! அத்தகைய தொழிலுக்கு விளம்பரம் எவ்வாறு அமைய வேண்டும், இன்று எல்லோர் கையிலும் இருக்கும் சமூக ஊடகங்கள் அதற்கு எவ்வாறு துணை செய்யும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலையும் உண்டு, ஆளும் உண்டு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பதும் அவ்விரண்டுக்கும் சளைத்ததன்று. நம் மாவட்டத்து ஊர்ப்புறங்களில் நாட்டு ஓடு வேய்ந்த வீடுகள் இன்னும் உள்ளன. 1985-86-இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010-இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் அறிவிக்கப்பட்ட 300 சதுர அடிப் பசுமை வீடு திட்டம் முதலியவற்றால் எழுந்த வீடுகளும் உள்ளன. ஆண்டுகள் செல்லச் செல்லக் கூரை ஒழுகுகிறது. சுவரில் ஓதம் ஏறுகிறது. பிள்ளைகள் வளர்ந்ததும் இன்னோர் அறை தேவைப்படுகிறது. மருமகள் வருமுன் கழிப்பறை தேவைப்படுகிறது. ஆகவே சீரமைப்பு வேலைக்குப் பஞ்சமில்லை.

வேலை தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம் என எப்பக்கம் சென்றாலும் கைத்திறன் மிக்க கொத்தனார்களைக் காணலாம். ஆயினும் அவர்களில் பலர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று, தகரக் கொட்டகையில் தங்கி, பிறர் பெயரில் எழும் மாளிகைகளுக்குக் கல் அடுக்குகிறார்கள். பெருநகரில் கூலி மிகுதி என்பது ஒரு காரணம். உள்ளூரில் நல்ல வேலைக்கு நல்ல விலை கிடைப்பதில்லை என்பது மற்றொரு காரணம். அது ஏன் கிடைப்பதில்லை என்பதற்குப் பொருளாதார அறிஞர் ஒருவர் தெளிவான விடை கூறியுள்ளார்.

எலுமிச்சம்பழச் சந்தை

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பழைய கார்களின் சந்தையைப் பற்றியது அது. வாங்கியபின் தொல்லை கொடுக்கும் காரை அமெரிக்கர் கேலியாக "எலுமிச்சை" என்பர். பழைய கார் நல்லதா கெட்டதா என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எதற்கும் ஒரு நடுத்தர விலையையே தர முன்வருகிறான். அந்த விலை நல்ல காருக்குக் கட்டுபடியாகாது. எனவே நல்ல கார் சந்தையை விட்டுப் போய்விடுகிறது. முடிவில் எலுமிச்சைகளே எஞ்சுகின்றன.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். இரண்டு மேஸ்திரிகள் ஒரே வேலைக்கு எஸ்டிமேட் தருகிறார்கள். ஒருவர் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, கசிவின் மூலத்தைக் கண்டறிந்து, புதுப்பூச்சை நன்றாக நனைத்து ஆற விட்டு முடிப்பவர். மற்றவர் மேலே பட்டி பார்த்து வண்ணம் அடித்துவிட்டுப் போகிறவர். வேலை முடிந்த அன்று இரண்டு சுவர்களும் ஒன்றுபோலவே மின்னும். வீட்டுக்காரருக்கு வேறுபாடு தெரிவதில்லை. எனவே குறைந்த விலை சொன்னவருக்கே வேலை போகிறது. நல்லவர் பெங்களூருக்கு வண்டி ஏறுகிறார். ஒரு மழை கழிந்தபின் வீட்டுக்காரரின் சேமிப்பு சுவரோடு சேர்ந்து உதிர்கிறது. நட்டம் இருவருக்குமே!

இந்நோய்க்கு மருந்தும் சொல்லப்பட்டுள்ளது. மைக்கேல் ஸ்பென்ஸ் என்னும் அறிஞர் 1973-இல், நல்லவர் தம்மை அடையாளம் காட்டிக்கொள்ள ஒரு "குறிப்பு" தர வேண்டும் என்றும், மட்டமானவர் அதே குறிப்பைத் தருவதற்கு அதிகச் செலவாகும்படி அது அமைய வேண்டும் என்றும் விளக்கினார். இவ்விருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸுடன் சேர்ந்து 2001-இல் நோபல் பரிசு பெற்றனர்.

விளம்பரம் என்பதும் இத்தகைய குறிப்பே. "குறைந்த செலவில் நிறைந்த தரம்" என்று எழுதுவது யாராலும் இயலும். ஆகவே அதனால் பயனில்லை. மட்டமான வேலைக்காரரால் எளிதில் காட்ட முடியாததைக் காட்டுவதே சிறந்த விளம்பரம். நான் வற்புறுத்த விரும்பும் கருத்து இதுவே.

எதைக் காட்டுவது?

வேலைக்கு முன் ஒரு படம், வேலைக்குப் பின் ஒரு படம் என்று வெளியிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு குறை உண்டு. அதை உணரச் சிறிது இயற்பியல் உதவும். செங்கல்லிலும் பூச்சிலும் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. புழையின் ஆரம் குறையக் குறைய அதில் நீர் ஏறும் உயரம் மிகும் என்பது நாம் படித்த ஜூரின் விதி. 0.01 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடி நுண்புழையில் நீர் ஏறத்தாழ 1.5 மீட்டர் வரை ஏறக்கூடும். பேஸ்மட்டத்தில் நீர்காப்புப் படலம் இல்லாத சுவரிலும் மண்ணின் ஈரம் இவ்வாறே ஏறுகிறது. ஈரம் காயும்போது அதிலிருந்த உப்பு மேலே பூத்துப் பூச்சைப் பொரியச் செய்கிறது. இதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த வண்ணம் பூசினாலும் சில மாதங்களில் உரிந்துவிடும். ஆனால் வண்ணம் பூசிய மறுநாள் எடுத்த படம் மிக அழகாகவே இருக்கும்!

ஆகவே இரண்டு படம் போதாது. நான்கு படம் வேண்டும்.

முதலாவது, பழுதின் படம். இரண்டாவது, வேலையின் நடுவே, மூடப்படும் முன் எடுத்த படம். கம்பிக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி விட்டுக் கட்டை வைத்திருக்கிறதா, குழாய்கள் எவ்வழியே செல்கின்றன, பழைய பூச்சு முழுவதும் எடுக்கப்பட்டதா என்பனவெல்லாம் அதில் தெரியும். பிற்காலத்தில் சுவரில் ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே இருக்கிறது என்று அறியவும் வீட்டுக்காரருக்கு அப்படம் உதவும். மூன்றாவது, சோதனையின் படம். புதிய கழிப்பறைத் தரையில் ஓடு பதிக்கும் முன் 24 மணி நேரம் நீர் தேக்கி வைத்துக் கசிவு இல்லையென்று காட்டலாம். கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்களும், வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் குறைந்தது 10 நாட்களும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநிலையின் விதி. நம் மாவட்டத்துக் கோடை வெயிலில் பத்தாம் நாள் தளத்தின்மேல் நீர் நிற்கும் படம் ஒன்று, நூறு வாசகங்களுக்குச் சமம். நான்காவது, ஒரு மழைக்காலம் கழிந்தபின் அதே சுவரின் படம். இந்த நான்காவது படத்தை ஏமாற்றுக்காரர் தர இயலாது. அதுவே பூச்சு வேலையின் மணம் எனலாம்.

படத்தால் வேறொரு நன்மையும் உண்டு. தமக்கு வேண்டியது இன்னதென்று வீட்டுக்காரரால் வார்த்தையில் சொல்ல முடிவதில்லை. கலிபோர்னியாவில் ஆடி டட்டார்கோ, அலான் கோகென் என்னும் தம்பதியர் தம் வீட்டைப் புதுப்பிக்கையில் இந்த இடர்ப்பாட்டை உணர்ந்தனர். அதன் விளைவாக 2009-இல் வீட்டுப் படங்களையும் அவ்வேலை செய்வோரையும் ஒன்றுசேர்க்கும் "ஹவுஸ்" என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். நம் ஊரிலும் "அந்த வீட்டில் வைத்த மாதிரி" என்று விரல் நீட்டித்தானே பேசுகிறோம்? அந்த விரலுக்கு ஒரு படம் கொடுத்துவிட்டால் பிற்பாடு எழும் சச்சரவு பாதி குறையும்.

எந்த ஊடகம் எதற்கு?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் வாட்ஸ்அப்பை 53 கோடிப் பேரும், யூட்யூபை 44.8 கோடிப் பேரும், முகநூலை 41 கோடிப் பேரும், இன்ஸ்டாகிராமை 21 கோடிப் பேரும் பயன்படுத்தினர். ஆயினும் ஒரு மேஸ்திரிக்கு வேண்டியது கோடிக்கணக்கான மக்கள் அல்லர். தம் ஊரைச் சுற்றியுள்ள சில நூறு வீடுகளே.

வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலி 2018 ஜனவரியில் வெளிவந்தது, அது இலவசம். செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டுப் படத்துடன் காட்டும் வசதியும் 2019-இல் சேர்க்கப்பட்டது. முன்பு வேலை செய்து கொடுத்த வீட்டாருடன் தொடர்பு அறாமல் இருக்க இதுவே ஏற்றது. கூகுள் வரைபடத்தில் தொழிலின் பெயரையும் எண்ணையும் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால், அவசரத்துக்குத் தேடும் புதியவர் கண்ணில் படலாம். வேலை நடக்கும் முறையை விளக்கிக் காட்ட யூட்யூப் உகந்தது.

முகநூலில் ஒரு நுட்பம் உண்டு. நிறுவனப் பக்கங்களின் செய்திகளைக் காட்டிலும் நண்பர், உறவினர் பகிர்வனவற்றுக்கே முதலிடம் தரப்படும் என்று 2018 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. எனவே மேஸ்திரி தாமே பத்து முறை எழுதுவதைவிட, வீட்டுக்காரர் ஒருவர் மனமுவந்து ஒரு முறை எழுதுவது அதிகத் தொலைவு செல்லும். திண்ணைப் பேச்சின் இயல்பும் இதுதான், திண்ணைதான் பெரிதாகியிருக்கிறது.

பணம் கொடுத்தும் அங்கு விளம்பரம் செய்யலாம். ஓர் ஊரை மையமாக்கி இத்தனை கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளோர்க்கு மட்டும் காட்டச் செய்யலாம். அப்போது கணக்கு இன்றியமையாதது. ஒருவர் 1,000 ரூபாய் செலவிட்டதில் 40 பேர் தொலைபேசியில் விசாரித்து, 10 பேர் வீட்டுக்கு அழைத்து, 2 பேர் வேலை கொடுத்தார்கள் எனக் கொள்வோம். ஒரு வேலைக்கு விளம்பரச் செலவு 500 ரூபாய். விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்கள் எண் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டு நோட்டில் குறித்தால்தான் இக்கணக்கு கிட்டும். குறிக்காதவர் விளம்பரத்தால் பயன் பெற்றாரா இல்லையா என்பதை அறியவே மாட்டார்.

கவனத்திற்கு உரியவை

பிறர் செய்த வேலையின் படத்தை எடுத்துத் தம்முடையதாகப் போடுவதும், பணம் கொடுத்துப் புகழுரை எழுதச் செய்வதும் சிலரிடம் காணப்படும் தீய பழக்கங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், திசைதிருப்பும் விளம்பரங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. இணையத்தில் எழுதப்படும் நுகர்வோர் கருத்துரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையும் 2022-இல் வெளியிடப்பட்டது. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு "சேவை"யே என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. குறை இருப்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வீட்டாரின் இசைவின்றி அவர்கள் வீட்டைப் படம் எடுத்து வெளியிடலாகாது. பூட்டு, பீரோ, கதவு எண் முதலியன படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரேனும் குறை எழுதினால் அங்கேயே வாதாடுவதைவிட, நேரில் சென்று சரிசெய்து, சரிசெய்த படத்தை அதன் கீழே வெளியிடுவது அறிவுடைமை. பழுது வராத மேஸ்திரி இல்லை. திரும்ப வந்து பார்க்கிற மேஸ்திரியைத்தான் மக்கள் தேடுகிறார்கள்.

இன்னொன்று: ஒரே ஊடகத்தை நம்பிவிடக் கூடாது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தம்மைப் பின்தொடர்ந்தோர் அனைவரையும் ஒரே நாளில் இழந்தனர். வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் சொந்த நோட்டில் இருப்பதே என்றும் நிலையான செல்வம்.

முடிவுரை

நம் கல்லூரியில் படிப்போரில் கட்டட வேலை செய்வோரின் பிள்ளைகள் பலர் உள்ளோம். சாரத்தில் நின்றும், சித்தாளாய்ச் சட்டி சுமந்தும் பெற்ற கூலியில்தான் நம் புத்தகங்கள் வந்தன. ஒரு வீட்டின் திறப்பு விழா அழைப்பிதழில் உரிமையாளர் பெயர் இருக்கும். கட்டியவர் பெயர் இருப்பதில்லை. அவர்கள் கையால் எழுந்த சுவர்கள் எத்தனை என்று கேட்டால் அவர்களுக்கே கணக்குத் தெரியாது. ஏனெனில் எதற்கும் சான்று வைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கு இருந்ததில்லை.

அச்சான்றைத் திரட்டித் தருவது நம்மால் இயலும் காரியம். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. விடுமுறை நாளில் வேலையிடத்துக்குச் சென்று, பூச்சு மூடும் முன் ஒரு படம் எடுத்து, செய்த வேலை இன்னது, பயன்படுத்திய பொருள் இன்னது, நாள் இன்னது என்று பிழையில்லாத தமிழில் நான்கு வரி எழுதினால் போதும். நாளடைவில் அப்படங்களே அவருடைய சான்றிதழ் ஆகும். வீட்டுக்காரர் அதைப் பார்த்து, இவர் கேட்கும் விலை ஏன் கூடுதல் என்று புரிந்துகொள்வார். அப்போது பெங்களூர் வண்டியில் ஓர் இடம் காலியாகும். இரவு உணவுக்கு அவர் தம் வீட்டில் இருப்பார்.