நகர இடமில்லாத இலத்திரன்கள்

ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்பாளுக்குத் திருவிழா நடைபெறுங்கால், இறுப்பிட்டியிலிருந்து சென்று குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறுவோர் ஓர் இக்கட்டை நன்கறிவர். பலகைகளில் ஆளுக்கோர் இடமென எல்லோரும் நெருங்கி அமர்ந்துவிட்டால், அணியத்தில் இருப்பவர் பின்னே செல்வது நடவாது. எவரேனும் ஒருவர் இறங்கிவிட்டாலோ, அவ்வெற்றிடத்துக்கு அடுத்தவர் நகர, அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் வர, வள்ளம் முழுவதும் அசைவு பிறந்துவிடும்.

சில உலோக ஒட்சைட்டுகளுக்குள்ளும் ஏறத்தாழ இதுவே நிகழ்கின்றது. பழைய கொள்கையின்படி நிக்கல் ஒட்சைட்டு மின்னைக் கடத்தியே தீரவேண்டும், அதுவோ கடத்துவதில்லை. 1937இல் டி போயர், வெர்வே என்னும் இருவர் இவ்வழுவைச் சுட்டிக் காட்டினர். இலத்திரன்கள் ஒன்றையொன்று விலக்கித் தத்தம் இடத்திலே முடங்குவதே காரணம் என்னும் பையர்ல்சின் கருத்தை அவ்வாண்டிலேயே மொட் எடுத்துரைத்தார். அத்தகைய பொருள்களுக்கு ‘மொட் காவலி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வெப்பத்தாலும் இம்முடக்கம் தளரலாம். வனேடியம் ஈரொட்சைட்டு ஏறக்குறைய 68 பாகை செல்சியசில் சடுதியாகக் கடத்தியாகி விடுவதை 1959இல் மொரின் அறிவித்தார். நீர் கொதிக்குமுன்னரே நிகழ்ந்துவிடும் மாற்றம்! ஆனால் அதே வேளையில் அணுக்களின் அடுக்கும் மாறுவதால், முதற்காரணம் இலத்திரனா அடுக்கா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

1986இல் பெட்நோர்சும் முல்லரும் சூரிச்சு நகருக்கருகே கண்டதே பெரும் வியப்பு. லாந்தனம் செப்பு ஒட்சைட்டும் ஒரு மொட் காவலியே. லாந்தனத்தில் ஒரு சிறு பங்கை நீக்கிப் பேரியத்தை இட்டால் இலத்திரன்கள் சில குறைந்து வெற்றிடங்கள் தோன்றும். பின்னர், பூச்சியத்துக்குக் கீழே 240 பாகையளவில், மின்தடையே அற்றுப்போகின்றது. அடுத்த ஆண்டே இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

வள்ளத்து உவமை இங்கே நம்மைக் கைவிட்டுவிடுகின்றது. தடையின்றி ஓடவேண்டின் இலத்திரன்கள் சோடி சேர்தல் வேண்டும். ஒன்றையொன்று வெறுப்பவை எங்ஙனம் சோடி சேரும்? காவலியாக இருக்கும்போதே அயலிலுள்ளவை எதிரெதிர்ச் சுழற்சியோடு இணைந்து, துணை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. வெற்றிடம் கிடைத்ததும் அச்சோடிகளே ஓடுகின்றன என்றார் அண்டர்சன். அக்கருத்தைக் கணிதமாக வடித்து 1987இல் வெளிவந்த கட்டுரையில் அவரோடும் சூ என்பவரோடும் பெயர் பொறித்தவர், பின்னாளிற் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கணபதி பாஸ்கரன். நம்மவர் என்பதற்காகச் சொல்லவில்லை; அப்பொருள்களைப் பற்றிய விவாதத்தில் இன்றும் தவிர்க்கவியலாத கட்டுரை அது. ஆயினும் எல்லோரும் அதனை ஏற்றுக்கொண்டாரல்லர். நாற்பது ஆண்டுகளை அண்மியும் சோடி சேர்க்கும் விசை எதுவென ஒருமித்த முடிபு பிறக்கவில்லை.